மேட்டு ராஜாவின் புதுக் குழாய்

லாரி ஸ்டாண்டில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மேட்டு ராஜா, அவ்வளவுதான். சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் ஏறும்போது ஒரு தடவைகூட வண்டியை நடுவழியில் அணையவிடாதவர் என்பதால் வந்த பட்டம். யார் கொடுத்தது என்று கேட்டால் ஸ்டாண்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அவராகவே வைத்துக்கொண்டது என்பதுதான் உண்மை. அதைச் சொல்லிக்காட்டுகிற அளவுக்கு அங்கே யாருக்கும் கெட்ட மனசு இல்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் ராஜாவுக்கு ஒரே பேச்சுதான்.

"வண்டி ஓட்டுறது கையில இல்லப்பா, காதுல இருக்கு. இன்ஜின் என்கிட்ட பேசும். எப்ப எந்த கியர் வேணும்னு அதுவே கேக்கும். நான் குடுப்பேன். அவ்ளோதான் விஷயம்."

சொல்லும்போது கண்ணை வேறு மூடிக்கொள்வார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். கடைக்கு எதிரே நிற்கும் லாரியின் இடப்பக்க சீட்டில் அவர் மனைவி உட்கார்ந்து அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். ஜன்னல் வழியாக ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழும். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள்.

இன்ஜின் பேசுவது ராஜாவிடம் அல்ல. அவளிடம்தான்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் ராஜாவின் கிளீனர் ஒரு நாள் ஜாக்கியையும் இரண்டு ஸ்பேனர்களையும் எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். வேறு ஆள் கிடைக்கும்வரை இரண்டே நாள் கூட வா என்று மனைவியைக் கூப்பிட்டார். வந்தவள் இறங்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு அவள் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவள். வரிசையாக நாற்பது தையல் மெஷின்கள் ஓடும் ஹாலில், எந்த மெஷினில் நூல் அறுந்துபோகப் போகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட காது. முதல் நாள் மலை ஏறும்போதே அந்தக் காதுக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, அது அழுவுது."

"எது?"

"இன்ஜின்தான். கியரை மாத்துங்க."

"வண்டியைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?" என்று எரிந்து விழுந்த ராஜா, விழுந்த கையோடு கியரை மாற்றினார். இன்ஜின் அழுகையை நிறுத்தியது. அன்றிலிருந்து அவள் சொல்வதும் அவர் மாற்றுவதும் வழக்கமாகிவிட்டது. வழக்கமானது எந்த அளவுக்கென்றால், சொல்வதற்கென்று அவள் தனியாக வாயைத் திறப்பதுகூட இல்லை. பேச்சோடு பேச்சாகப் போய்விடும்.

"பக்கத்து வீட்டுக்காரி இருக்காளே, நேத்தும் குப்பையை நம்ம வாசல் பக்கம் தள்ளிட்டு, மூணு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறா. நான் விடுவேனா? ஏன்மா, உங்க வீட்டுல வாசலே இல்லையான்னு, ரெண்டு, கேட்டேன் பாருங்க, மூஞ்சி செத்துப்போச்சு."

ராஜா குப்பைக் கதைக்கு "உம்" கொட்டிக்கொண்டே மூன்றும் இரண்டும் போடுவார். குப்பைக் கதை அவருக்கு ஞாபகம் இருக்கும். எண்கள் காதுக்குள் போய் நேராகக் கைக்கு இறங்கிவிடும், மண்டை வழியாகப் போவதே இல்லை. தானாகவே ஓட்டுகிறோம் என்றுதான் அவர் சத்தியமாக நம்பினார். அவளுக்கு உண்மை தெரியும். சொல்லிக்காட்டவில்லை.

*

மலையுச்சியில் ஓர் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு சிமெண்ட் ஏற்றுவதுதான் ராஜாவின் பிழைப்பு. இத்தனை நாளும் வந்தபோது வரட்டும் என்று விட்டிருந்தார்கள். புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். டீ குடிக்கும்போதுகூடத் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர். வந்த முதல் வாரமே எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்.

"மத்தியானத்துக்குள்ள ரெண்டு நடை வரணும். முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க. நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

ராஜாவின் வண்டி நடுவழியில் நிற்காதே தவிர, நிற்பதற்கும் ஏறுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மேட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தாண்டி நடந்து போவார்கள். இரண்டாவது நடை முடிய சாயங்காலம் ஆகிவிடும். ஸ்டாண்டில் புதிதாக ஒரு பையன் புத்தம்புது லாரி ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். புதுவண்டி என்றே அவனுக்குப் பெயர். அவன் இரண்டு நடையும் முடித்துவிட்டு, வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருப்பான்.

சூப்பர்வைசர் ராஜாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "சனிக்கிழமை நானே உங்க வண்டியில ஏறி வரேன். அது எப்படி ஏறுதுன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார்.

முடிவு என்றால் என்ன முடிவு என்று ராஜாவுக்குப் புரியாமல் இல்லை. கீழே இருந்த லோடுகளையெல்லாம் பெரிய கம்பெனிகள் எப்போதோ வளைத்துப் போட்டுவிட்டன. இந்த மலை லோடும் போனால் லாரியை இரும்புக் கடைக்குத்தான் தள்ள வேண்டும். நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதை அவர் மனைவியாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"என் தம்பிகிட்ட ஒரு தடவை காட்டுங்களேன்" என்றாள் அவள்.

தம்பி வெல்டிங் ஷெட் வைத்திருந்தான். இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்து சம்பாதித்து, அதை வண்டிகளின் புகைக்குழாயை வெட்டி ஒட்டிப் பார்ப்பதில் கரைப்பவன். மச்சினனைப் பார்க்கப் போவதென்றால் ராஜாவுக்கு வேப்பங்காய். இருந்தாலும் போனார். தம்பி லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தான்.

"மாமா, வண்டிக்கு வயசாயிடுச்சு, அதான் இழுக்கலன்னு நினைக்கிறீங்க. இல்லவே இல்ல. உங்க வண்டிக்கு மூச்சு முட்டுது. எரிஞ்ச புகை வெளிய போனாத்தானே புதுக் காத்து உள்ள வரும்? போக வழியே இல்ல."

"புகை போவுதே. பின்னாடி வரவன்லாம் திட்டுறானே."

"சொன்னா நம்ப மாட்டீங்க. இந்தாங்க." தம்பி ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை எடுத்து அவர் கையில் கொடுத்தான். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, இது வழியா மட்டும் மூச்சு விட்டுக்கிட்டு அந்த மாடிப்படி ஏறுங்க பாப்போம்."

ராஜா ஏறினார். பாதிப் படியில் கண் பிதுங்கி உட்கார்ந்துவிட்டார். ஸ்ட்ராவைத் துப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு படியில் இருந்தபடியே, "சரி மச்சான், மாத்திடு" என்றார்.

பழைய குழாயைக் கழற்றி நறுக்கிப் பார்த்தபோது தம்பி சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. உள்ளே கரி அப்பி, ஒரு விரல் போகும் அளவுக்குத்தான் துவாரம் இருந்தது. என்றோ கல்லில் அடிபட்டு ஓரிடம் சப்பையாகிப் போயிருந்தது. வளைவு வர வேண்டிய இடத்தில் வளைக்காமல், இரண்டு துண்டை வெட்டி மூலைக்கு மூலை ஒட்டி வைத்திருந்தது.

"இப்படி ஒரு கேவலமான வேலையை எவன் பண்ணான்?" என்று தம்பி கொதித்தான்.

"நீதான்டா. எங்க கல்யாணம் ஆன புதுசுல" என்றாள் அக்கா.

தம்பி அந்தத் துண்டைச் சத்தமில்லாமல் மூலையில் போட்டான்.

புதுக் குழாய் கையை நுழைக்கலாம் போல அகலம். மூலையே இல்லாமல் வழுவழுவென்று வளைத்து, இன்ஜினிலிருந்து நேராக எடுத்து, கேபினுக்குப் பின்னால் இடது பக்கமாகக் கூரைக்கு மேலே தூக்கி நிறுத்தினான். மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க உச்சியில் தகட்டில் ஒரு மூடியும் வைத்தான். சைலன்சர் எங்கே என்று ராஜா கேட்டதற்கு, "அது எதுக்கு மாமா? பாதி மூச்சை அடைக்கறதே அதுதான்" என்றான். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இது ஏன்டா சரியா என் காதுகிட்ட நிக்குது?"

"அந்தப் பக்கம்தான்க்கா இடம் இருந்துச்சு."

சாவியைத் திருப்பினார்கள். ஷெட்டின் தகரக் கூரை உதறியது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களில் இரண்டு கீழே விழுந்தன. எதிர்க்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று ஷட்டரை இழுத்து மூடினார். தம்பிக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இத்தனை வருடம் கழித்துத் தன் தகுதிக்கேற்ற குரல் வண்டிக்குக் கிடைத்திருப்பதாக அவர் நினைத்தார்.

*

மறுநாள் காலை லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தம்பி சொன்ன மாதிரியே வண்டிக்குத் திமிர் ஏறியிருந்தது. மிதித்த மாத்திரத்தில் பாய்ந்தது. சமவெளியில் ராஜா ஒரு பஸ்ஸை முந்தினார். அவர் எதையாவது முந்திப் பல வருடங்கள் ஆகியிருந்ததால், முந்தி முடித்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் டிரைவருக்குக் கை காட்டினார். பிறகு மனைவி பக்கம் திரும்பி என்னவோ கத்தினார். அவளும் என்னவோ கத்தினாள். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

முதல் வளைவு வந்த வேகத்திலேயே கடந்தது. இரண்டாவதும் எப்படியோ ஒப்பேறியது. மூன்றாவது வளைவுதான் மலையிலேயே செங்குத்தானது. அதன் விளிம்பில் ஒரு டீக்கடை. அங்கே வரும்போது ராஜாவுக்கு எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தது போலத் தோன்றியது. கை கியர் மேல் தயாராக இருந்தது, எதற்கோ காத்திருந்தது. பக்கத்தில் மனைவியின் வாய் அசைவதைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் குப்பை விவகாரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வண்டி இரண்டு தடவை உலுக்கியது, பிறகு அணைந்தது.

பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. மனைவி மரக்கட்டையை எடுத்துக்கொண்டு குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். புதுவண்டி பாட்டுச் சத்தத்தோடு பின்னால் வந்தான். கடந்து போகும்போது வேண்டுமென்றே மெதுவாக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"என்னண்ணே, போட்டோ எடுக்க நிறுத்துனீங்களா?"

டீக்கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜா டீசல் சரியில்லை என்றார். அடுத்த நடையிலும் அதே இடத்தில் நின்றது. கிளட்ச் என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் நின்றதற்கு எதிர்க்காற்று என்றார். எதிர்க்காற்றில் நின்றுபோன லாரியை அந்த மலை அதுவரை பார்த்ததில்லை.

மனைவிக்கு முதல் தடவை நின்றபோதே விஷயம் விளங்கிவிட்டது. அவள் வழக்கம்போல "ரெண்டு, ரெண்டு" என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தாள். குழாய் அவள் குரலை விழுங்கிவிட்டது. மலை இறங்கியதும் அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அப்போதுதான் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் அவர், "இத்தனை நாளா என்கிட்ட பேசின இன்ஜின் இன்னிக்கு ஏனோ பேச மாட்டேங்குதுப்பா" என்று சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். கோபம் என்று சொல்ல முடியாது. பேசினது யார் என்று அந்த மனுஷன் வாயால் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

ராஜா நேராக ஷெட்டுக்குப் போய் மச்சினனைப் பிடித்துக்கொண்டார். "உன் குழாயாலதான்டா என் மானம் கப்பலேறுது!"

"குழாய் மேல பழி போடாதீங்க மாமா. சாவியைக் குடுங்க" என்றான் தம்பி. தெருமுனையிலிருந்து ஷெட்டுக்கும், ஷெட்டிலிருந்து தெருமுனைக்கும் வண்டி நகர்த்துவதைத் தவிர அவனுக்கு வேறு டிரைவர் அனுபவம் கிடையாது. அவன் லோடு வண்டியை மூன்றாவது வளைவில் ஏற்றி, மேலே போய்த் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். ஏறும்போது விசில் வேறு அடித்தான்.

ஒரு ஜன்னல் கம்பி செய்கிறவன் ஏற்றிவிட்ட மேட்டில் மேட்டு ராஜாவால் ஏற முடியவில்லை. வீட்டுக்கு வந்து பின்வாசல் படியில் இடிந்துபோய் உட்கார்ந்தார். மனைவி கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு..."

ராஜாவின் இடது கை முழங்கால் மேல் இருந்தது. அது கொஞ்சம் அசைந்தது.

"ரெண்டு..."

கை பின்னால் வந்தது. அதே நேரத்தில் இடது கால் தரையை அழுத்தியது. ராஜா குனிந்து பார்த்தார்.

"மூணு..." கை முன்னால் போனது. "நாலு..." பின்னால் வந்தது. அவர் தன் கையை யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "அஞ்சு" வரைக்கும் அது பிழையில்லாமல் போட்டது. அவர் வண்டிக்கு ஐந்து கியர்தான். "ஆறு" என்று அவள் சொன்னபோது கை அந்தரத்தில் நின்றுவிட்டது, எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை.

ராஜாவுக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. டீக்கடையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றையும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள் என்பதும் ஞாபகம் வந்தது. எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்த அவள் துணி எண்ணுவதை நிறுத்தினாள்.

"என்னங்க?"

"கொஞ்சம் தண்ணி குடு" என்றார் ராஜா.

*

சனிக்கிழமை சூப்பர்வைசர் ஹெல்மெட்டோடு வந்து ஏறினார். ஜன்னலோர சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு, மனைவி நடுவில் இன்ஜின் மூடி மேல் போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். குழாய் இப்போது சூப்பர்வைசரின் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வண்டி கிளம்பியதும் அவர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார்.

ராஜா மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தார். ஒரு வளைவுதானே. மச்சினன் ஏற்றிய மேடுதானே. யார் தயவும் இல்லாமல் ஏற்றிக் காட்டிவிட்டால் போதும், சொல்ல வேண்டியதை அப்புறம் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம். முதல் வளைவில் அவராகவே கியரை மாற்றினார். பல்லோடு பல் அரைபட்டு வண்டி அலறியது. சூப்பர்வைசர் காதை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வளைவில் போட்ட கியரும் தப்பு. பின்னால் புதுவண்டி, அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு லாரி, ஒரு பஸ் என்று ஊர்வலம் சேர்ந்துவிட்டது.

மூன்றாவது வளைவு தெரிந்தது. கை கியருக்குப் போய்த் துழாவியது. ராஜா ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் அசையவில்லை. இத்தனை வருடத்தில் இந்த மேட்டில் அவள் வாய் அசையாமல் இருந்ததே இல்லை. லோடு போவதைவிட, பட்டம் போவதைவிட அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"சொல்லு!" என்று கத்தினார்.

அவள் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தாள்.

"சொல்லுன்னேன்!"

மறுபடியும் கையை விரித்தாள். வண்டி உலுக்கத் தொடங்கியது. ராஜா நெஞ்சிலிருந்த மூச்சு முழுவதையும் சேர்த்து அலறினார்.

"எனக்கு கியர் மாத்தத் தெரியாதுடி! இத்தனை வருஷமா நீ சொல்லிச் சொல்லித்தான்..."

அந்த இடத்தில் இன்ஜின் அணைந்தது. குழாய் வாயை மூடியது. ராஜாவால்தான் நிறுத்த முடியவில்லை.

"...நான் வண்டியே ஓட்டுறேன்!"

டீக்கடையில் வாய்க்குப் போன டம்ளர்கள் பாதியில் நின்றன. வேடிக்கை பார்ப்பதற்காகப் புதுவண்டி அப்போதுதான் பாட்டை நிறுத்தியிருந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் தலையை நீட்டினார்கள். யாருக்காவது கேட்காமல் போய்விடப் போகிறதே என்று எதிர்மலை அதை இன்னொரு தடவை சொல்லிக் காட்டியது.

மனைவி திரும்பி சூப்பர்வைசரிடம், "சார், கட்டை உங்க காலுக்குக் கீழ இருக்கு. கொஞ்சம் இறங்கி பின்சக்கரத்துக்குப் போடுங்க" என்றாள். சொன்ன தோரணையில் அந்த மனிதர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிப் போனார்.

கேபினில் இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள்.

"தெரியும்" என்றாள் அவள்.

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லிக்கிட்டேதானே வந்தேன்?"

ராஜா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு பாதங்களையும் கேபினின் தகரத் தரையில் அழுத்தி வைத்தாள்.

"இந்தச் சத்தத்துல காதை நம்ப முடியாது. கால்ல தெரியுது. நேத்தே பாத்து வெச்சுட்டேன்" என்றாள். பிறகு கியரைப் பிடித்திருந்த அவர் கை மேல் தன் கையை வைத்தாள். "நான் அழுத்துனா மாத்துங்க. ஒரு தடவை அழுத்துனா கீழ, ரெண்டு தடவைன்னா மேல. எடுங்க வண்டியை."

எடுத்தார். குழாய் மறுபடி அலறியது. அவள் கை அழுத்தியது, அவர் கை மாற்றியது. மூச்சு முட்டாத இன்ஜினும் சரியான கியரும் ஒன்றாகச் சேர்ந்ததும் அந்தக் கிழட்டு லாரி மூன்றாவது வளைவைத் தாவி ஏறிய அழகை டீக்கடையில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஏற்றத்தில் வண்டியை நிறுத்த முடியாதாகையால் சூப்பர்வைசருக்காக யாரும் நிற்கவில்லை. அவர் சக்கரத்திலிருந்து விடுபட்ட கட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றார். புதுவண்டி அவரை ஏற்றிக்கொண்டான். உச்சி வரைக்கும் துரத்தியும் அவனால் ராஜாவைப் பிடிக்க முடியவில்லை.

மத்தியானத்துக்கு முன்னால் இரண்டாவது நடையும் முடிந்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து கட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"லோடு உங்களுக்குத்தான். திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, "ரெண்டு பேரும் வரணும். அவங்க இல்லாம கேட்டுக்குள்ள விட மாட்டேன்" என்றார்.

ஸ்டாண்டில் கொஞ்ச நாள் ராஜாவால் தலைகாட்ட முடியவில்லை. கியர் தெரியாது என்று கத்தியதைக்கூட மன்னித்துவிட்டார்கள். இந்த வயதில் பட்டப்பகலில் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறார் என்பதைத்தான் விடவில்லை. ராஜா பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, "பிடிச்சது நான் இல்லப்பா, அவ" என்பார். அது இன்னும் மோசம் என்று அவருக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஆனாலும் இன்ஜின் யாரிடம் பேசும் என்று யாராவது சீண்டினால் லாரி பக்கம் கையைக் காட்டிவிடுவார். ஜன்னலோரம் பொத்தான் தைப்பவள் தலை நிமிராமல் சிரிப்பாள்.

அவர்கள் தெருவில்தான் நிலைமை வேறு மாதிரி இருந்தது. விடிகாலையில் லாரியைக் கிளப்பினால் தெரு மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரண்டு வந்தார்கள். முன்னால் நின்றது பக்கத்து வீட்டுக்காரி. "குப்பை வேணும்னா எங்க வாசல்லயே போட்டுக்கறோம், அந்தக் குழாயை மட்டும் ஏதாவது பண்ணுங்க" என்று கும்பிட்டாள்.

தம்பியைக் கூப்பிட்டு விட்டார்கள். அவன் ஒரு புது மாதிரி சைலன்சரைத் தோளில் சுமந்து வந்தான். உள்ளே தடுப்பே இல்லாமல் புகை நேராகப் போய்விடும், சுற்றிலும் அடைத்த பஞ்சு சத்தத்தை மட்டும் குடித்துக்கொள்ளும் என்றான். இழுவை துளியும் குறையாது என்று சத்தியம் செய்தான். இது முதலிலேயே தெரியாதாடா என்று அக்கா கேட்டதற்கு, "தெரியும்க்கா, ஆனா அந்தச் சத்தம் எவ்ளோ அழகா இருந்துச்சு" என்றான்.

அவன் சொன்னது பலித்தது. மறுநாள் வண்டி அதே வேகத்தில் ஏறியது, சத்தம் மட்டும் இல்லை. மனைவி தன் ஜன்னலோர சீட்டுக்குத் திரும்பியிருந்தாள். பல நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னபடியே குப்பையைத் தன் வாசலில் போட்டுக்கொள்கிறாளாம். இப்போது அங்கிருந்து காற்றில் பறந்து இங்கே வருகிறதாம். ராஜா உம் கொட்டிக்கொண்டு ஓட்டினார். மூன்றாவது வளைவு வந்தது.

"ரெண்டு" என்றாள்.

ராஜா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கியர் மேல் சும்மா இருந்தது.

"ரெண்டுங்க."

ராஜா அசையவில்லை. இன்ஜின் முனகத் தொடங்கியது.

"அட, ரெண்டு போடுங்கன்னா! என்ன ஆச்சு உங்களுக்கு?"

"என்னமோ சொல்ற," என்றார் ராஜா, முகத்தைத் திருப்பாமல். "ஒண்ணுமே காதுல விழல."

டீக்கடையில் யாரோ தும்முவதுகூட உள்ளே தெளிவாகக் கேட்டது. அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். காது மடல் வரைக்கும் சிவந்துபோய், கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். நடுவில் நகர்ந்து வந்து உட்கார்ந்து, அவர் கை மேல் கையை வைத்து ஒரு தடவை அழுத்தினாள்.